செல்லக்கனிப் பூண்டு

சத்தியம். மூன்று தரம் சொல்கிறேன், சத்தியம், சத்தியம், சத்தியம். இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தால் நாளைக்குக் காலையில் நான் குடிக்கிற காப்பி டம்ளருக்குள்ளேயே வேப்பெண்ணெயாக மாறட்டும், இருக்கிற நாலு பல்லும் வடையோடு போகட்டும். பாளையங்கோட்டையில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். வேண்டாம், கேட்க வேண்டாம், அவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்காலிலிருந்து ஒன்பதரை வரைக்கும் நடந்தது இது. நடந்தது என்றுகூடச் சொல்லக் கூடாது. ஒரு மனுஷர் ஒரு செடிக்குப் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். ஆனால் நின்றவருடைய மண்டைக்குள் ஓடியது ஒரு எக்ஸ்பிரஸ் வண்டி தூரம்.

ஞானதிரவியம் தோட்டத்து வாசலுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. பூட்டியிருந்தால் என்ன, சாவி மூன்றாவது செங்கலுக்கு அடியில் கிடக்கிற சங்கதி காலனிக்கே தெரியும், திருடனுக்கும் தெரியும், திருட வந்தவன் இங்கே எதைத் திருடுவான், ஆடாதொடையையா, தூதுவளையையா, அதையும் கேட்டால் சும்மாவே பிடுங்கிக் கொடுத்து, எப்படி நட வேண்டும் என்று அரை மணி நேரம் பாடம் வேறு எடுப்பார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் இது வாய்க்காலை ஒட்டிய குப்பைமேடு. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கோமதியும் சைக்கிள் கடை மைதீனும் இன்னும் பத்துப் பேரும் ஞாயிறு ஞாயிறு வந்து குப்பையை அள்ளி, மண்ணைக் கொட்டி, செடியை வைத்து, செடிக்கு ஒரு தகரப் பலகையும் வைத்துத் தோட்டமாக்கிவிட்டார்கள். சம்பளம் கிடையாது, சுக்குக் காப்பியும் உளுந்த வடையும் மட்டும் உண்டு. அந்த வடைதான் நேற்று ராத்திரியிலிருந்து திரவியத்தின் தொண்டையில் நிற்கிறது. தின்ற வடை இல்லை, குழுவுக்குப் போனில் கோமதி போட்ட செய்தியில் வந்த வடை. நாளை மதுரையிலிருந்து தாவரவியல் பேராசிரியை ரெங்கநாயகி மேடம் வருகிறார்கள், எல்லாப் பெயர்ப்பலகைகளும் சரிபார்க்கப்படும், ஆதாரம் இல்லாதவை எடுக்கப்படும், வடை உண்டு. ஆதாரம் இல்லாதவை எடுக்கப்படும். எடுத்து எங்கே வைப்பார்கள்? பழைய இரும்புக்குப் போடுவார்களோ? எழுபத்துமூன்று வயசு, பிள்ளை இல்லை, குட்டி இல்லை, தனிவீட்டில் ஒரு மின்விசிறியும் ஒரு திரவியமும். ஆதாரம் இல்லாதவை என்று சட்டம் போட்டால் முதலில் தூக்க வேண்டியது என்னைத்தானே என்று நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது, ஏனென்றால் அந்தப் பலகை பன்னிரண்டாம் பாத்தியில் நேர் எதிரே தெரிந்தது, பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்து. தாவரப் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும். அதற்குக் கீழே, வழக்குப் பெயர்: செல்லக்கனிப் பூண்டு. வழக்கு என்றால் ஊரில் வழங்குவது என்று பலகை வைத்த அன்றைக்கே கோமதி விளக்கிவிட்டாள். ஆனாலும் திரவியத்துக்கு அந்த வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் கறுப்புக் கோட்டும் கூண்டும்தான் ஞாபகம் வந்தது. இன்றைக்கு ஹியரிங்.

எட்டு மாசத்துக்கு முன்னால் முதல்முதலாக வந்த அன்றைக்கு அவர் தோட்டம் பார்க்க வரவில்லை. வேதக்கோயிலுக்குப் போகாமல் இருப்பதற்கு ஒரு இடம் வேண்டியிருந்தது, வந்தார். முதல் ஆராதனைக்காரர்களிடம் இரண்டாம் ஆராதனைக்கு வருவதாகவும், இரண்டாம் ஆராதனைக்காரர்களிடம் முதலாவதுக்கே போய் வந்துவிட்டதாகவும் சொல்லி, இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து கண்டுபிடித்து அதில் ஐந்து மாசம் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். கோயிலில் பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சின் ஓரத்தில் இப்போது வேறு யாரோ உட்கார்கிறார்கள், யாராவது உட்காரத்தானே செய்வார்கள், பெஞ்சு என்றால் உட்காரத்தானே. ஆக வந்தார், நடந்தார், இந்தப் பாத்தியில் கோமதி குந்தியிருந்தாள், கையில் நோட்டு. குப்பைக்கு அடியிலிருந்து தானாக முளைத்து வந்த செடி, நாங்க வைக்கலை, யாருக்கும் பேர் தெரியலை என்றாள். முழங்கால் உயரம், இலையைக் கசக்கினால் பழைய பெட்டியைத் திறந்த வாசனை, நகத்தளவு ஊதாப் பூ. அவரை நிமிர்ந்து பார்த்து, "அண்ணாச்சி, பெரியவங்க நீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டாள். அவர்கள் வேலை செய்கிற முறை அது. புஸ்தகத்தில் அகப்படாத செடிக்கு வயசானவர்களைக் கேட்பது, அவர்கள் ஊரில் என்ன சொல்வார்களோ அதை அப்படியே பலகையில் ஏற்றுவது. வயசானவர் என்றால் அவருக்கு ஒரு ஊர் இருந்தே ஆக வேண்டும், ஊர் இருந்தால் செடி தெரிந்தே ஆக வேண்டும் என்று இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு. திரவியம் பிறந்தது ரயில்வே குவார்ட்டர்ஸ், வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸ், தண்டவாளத்துச் சரளைக்கல்லில் முளைக்கிற எருக்கைத் தவிர ஒரு செடி தெரியாது அவருக்கு. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்ற வார்த்தை அவர் வாயில் பழகாத வார்த்தை. அதுவும்போக, ஐந்து மாசமாக அவரிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. பால்காரன்கூட மணியடிப்பதோடு சரி. பேர் என்ன, பேர் என்ன என்று அந்தப் பெண் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள், வாய் தானாகத் திறந்தது, அதில் என்ன இருந்ததோ அது வந்தது. செல்லக்கனி. நாற்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவர் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஏளா. எல்லாவற்றுக்கும் ஏளாதான், ஏளா காப்பி, ஏளா என் கண்ணாடி எங்க, ஏளா மழை வருது துணியை எடு. ஆஸ்பத்திரியில் பாரத்தை நிரப்பினபோது பேர் என்ற கட்டத்தில் எழுதினார், பிறகு கல்வெட்டுக்காரனிடம் எழுதிக் கொடுத்தார், எழுதினதுதான், சொன்னதில்லை. சொன்னபோது அது இத்தனை நல்ல பேரா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. கோமதி எழுதிக்கொண்டாள். "செல்லக்கனிப் பூண்டா அண்ணாச்சி?" "ஆமா, பூண்டுதான்." "எந்த ஊர்ல?" "கடம்பன்விளை." அப்படி ஒரு ஊர் உண்டா என்று திரவியத்துக்கு இன்றுவரை தெரியாது.

இருந்துவிட்டுப் போகட்டும். சீட்டு என்ன சொல்கிறதோ அதுதான் பெட்டி. பார்சல் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் பசையும் கையுமாக இருந்தவருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பெட்டிக்குள் மாம்பழம் இருக்கட்டும், மணி இருக்கட்டும், மேலே விருதுநகர் என்று சீட்டு ஒட்டினால் அது விருதுநகருக்குத்தான் போகும், போய், அங்கே யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கவும் செய்வார்கள். ஒருதரம் கோயில் திருவிழாவுக்கு ஒரு யானையே பார்சலில் வந்தது. காதில் சீட்டு ஒட்டினார் திரவியம். அது தும்பிக்கையால் சீட்டைக் கிழித்துத் தின்றுவிட்டது, பக்கத்துப் பெட்டியிலிருந்த தேங்காய் மூட்டைச் சீட்டு பறந்து வந்து நெற்றியில் ஒட்டிக்கொண்டது, யானை கொல்லத்துக்குப் போய் நாலு நாள் தேங்காய்க் குடோனில் நின்றது, குடோன்காரன் எண்ணிப் பார்த்து ஒரு மூட்டை கூடுதலாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். இதைத் தோட்டத்தில் சொன்னால் வாய்பிளந்து கேட்கிறார்கள், அண்ணாச்சி வந்தால்தான் கூட்டம் சேருது என்று கோமதி சொல்கிறாள். வீட்டில் சொன்ன காலத்தில் செல்லக்கனி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "இதுல எவ்வளவு கழிக்கணும்?" என்று கேட்பாள். "பாதி." "பாதி போதுமா?" "சரி, முக்கால் வச்சுக்க." "அப்போ யானையைக் கழிச்சிட்டா தேங்கா மட்டும்தான் மிஞ்சுது" என்பாள். கழித்துக் கழித்து அவளுக்குக் கிடைத்தது எவ்வளவு? அதை நினைக்கத் தொடங்கினால் அந்த இடத்தில் வண்டி நின்றுவிடும். நாற்பத்தொரு வருஷம் ஒரே ஆளோடு இருந்து, கழித்ததுபோக அவள் கையில் நின்றது என்ன, ஒரு பார்சல் கிளார்க்கு, ஒரு ஈசிச்சேர். கழிக்காமல் அப்படியே எடுத்துக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருக்கலாமே. என்ன வார்த்தை? யோசித்தால் வரமாட்டேன் என்கிறது. நல்லா இருக்கு என்று குழம்பைச் சொன்னால்கூட அவள் கழித்துக்கொண்டாள். சொல்லாமல் விட்டது போதாதென்று, போன பிறகு அவள் பேரையே எடுத்து ஒரு பொய்க்குச் சீட்டாக ஒட்டியிருக்கிறாயே திரவியம், எட்டு மாசமாக ஊரார் வந்து நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். இது மரியாதையா, அவமரியாதையா? கல்லறையில் இருக்கிற பேரை இவர் ஒருத்தர்தான் போய்ப் படிக்கிறார். இங்கே ஞாயிற்றுக்கு நாற்பது பேர் படிக்கிறார்கள், வாய்விட்டு, எழுத்துக்கூட்டி. எடுத்துவிட்டால் அந்த நாற்பது வாயும் போச்சு. விட்டுவைத்தால் அவள் பேர் காலத்துக்கும் திரவியத்தின் பொய்களில் ஒன்று, யானைக்குப் பக்கத்தில்.

எடுத்துவிடலாம். அவர்கள் எடுப்பதற்கு முன்னால் நாமே எடுத்து, கொண்டுவந்த துணிப்பைக்குள் போட்டு, வீட்டில் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடலாம் என்று தோன்றியதும் அவர் குனிந்து கம்பியைப் பிடித்தார். கம்பி மண்ணுக்குள் நன்றாக இறங்கியிருந்தது. ஆட்டினார். இடுப்பில் ஒரு பிடிப்பு. ஆட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம். "என்ன வேய் திரவியம், பல்டாக்டர் வேலை பாக்கீரு?" மைதீன். கழுத்தில் ஹோஸ் பைப்பைப் பாம்பு மாதிரி சுற்றிக்கொண்டு நின்றார். "ஆடுதேன்னு பாத்தேன், ஊனி விடுதேன்" என்றார் திரவியம். "ஊனுததுக்கு மேல இழுக்கீரு?" "ரயில்வேயில அப்படித்தான், எடுத்துட்டு ஊனணும்." மைதீன் நம்பவும் இல்லை, விடவும் இல்லை. தண்ணீரைத் திறந்துவிட்டுச் செடியின் தலையைத் தடவிப் பார்த்தார். "மூணு மழை பாத்துட்டு, பூவு பூக்கு, ஒரு காய் காணோமே வேய். பேரு மட்டும் செல்லக்கனி, கனியைக் காணோம்." சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்? திரவியம் கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தார், இடுப்பு நிமிர நேரமெடுத்தது. இதே வார்த்தையை, ஒரு எழுத்து மாறாமல், ஒரு கலியாண வீட்டில், பந்தியில், அவருடைய சித்தப்பா மகள் எதிர்வரிசையிலிருந்து சொன்னாள், பேரு செல்லக்கனி, கனியைக் காணோம், எல்லோரும் சிரித்தார்கள், சிரிக்கக்கூடிய வார்த்தைதான் அது, கேட்டதும் திரவியத்துக்கே உதடு கோணியது. கோணியதைச் செல்லக்கனி பார்த்தாள். அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தவள் உடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள், பிறகு சாப்பிட்டாள், பாயசமும் வாங்கிக் குடித்தாள், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "நீங்களும் சிரிச்சீயளோ?" என்று கேட்டாள். "இல்லையே, பல்லுல என்னமோ மாட்டிக்கிட்டு" என்றார். அதை அவள் எவ்வளவு கழித்தாளோ. முப்பது வருஷம் ஆகிறது. அந்தப் பந்தியில் எழுந்து நின்று ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், இலையை மடக்கிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும், வந்ததாகப் பார்சல் ஆபீஸில் சொன்னார், இலையை மடக்கினேன், சித்தப்பா என் காலில் விழுந்தார் என்று சொன்னார், அதை அவர்கள் நம்பினார்கள், கொஞ்ச நாளில் அவரே நம்பினார். "காய்க்காத செடியும் செடிதான வேய்" என்றார் திரவியம். குரல் அவர் நினைத்ததைவிடக் கூடுதலாக வந்துவிட்டது. மைதீன் ஹோஸைத் திருப்பிக்கொண்டு, "நான் இல்லைங்கலியே, தண்ணி ஊத்திக்கிட்டுத்தான இருக்கேன்" என்று அடுத்த பாத்திக்குப் போனார்.

எட்டரைக்குச் சொன்ன பேராசிரியை எட்டேகாலுக்கே வந்துவிட்டார். ஒல்லியான அம்மாள், காலில் கான்வாஸ் ஷூ, கழுத்தில் சங்கிலி மாதிரி ஒரு பூதக்கண்ணாடி. ஒன்றாம் பாத்தியிலிருந்து ஆரம்பித்தார்கள். அவருக்குப் பின்னால் கோமதி, கோமதிக்குப் பின்னால் குழு, வேடிக்கை பார்க்க வந்த காலனிக்காரர்கள். திரவியம் பன்னிரண்டாம் பாத்தியிலேயே நின்றார், போய்விடலாம், வாசல் இருபது எட்டுதான், போனால் இனிமேல் ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கே போவது, எந்தச் சந்துக்குள் நிற்பது. மூன்றாம் பாத்தியில் ஒரு பலகையைப் பிடுங்கினார்கள். தகரம் தரையில் விழுந்த சத்தம். ஏழில் ஒன்று. சரியாகத்தான் செய்கிறார்கள், யாரையும் திட்டவில்லை, மேடம் ஏதோ சொல்கிறார், கோமதி தலையாட்டுகிறாள், மைதீன் பிடுங்குகிறார். திரவியத்தின் வாய்க்குள் வேலை ஆரம்பமாகிவிட்டது, முப்பத்தாறு வருஷப் பசை காயவே காயாது. கடம்பன்விளையில் ஒரு வைத்தியர் இருந்தார், அவருக்கு ஒரு மகள். வேண்டாம், வைத்தியர் பழசு. ஒரு ஜமீன், ஜமீனில் ஒரு தீராத இருமல். அதுவும் வேண்டாம், ஒரு வெள்ளைக்காரத் துரை, குதிரை, குதிரைக்கு வயிற்று வலி, இந்த இலையைத் தின்றது, எழுந்து மணப்பாடு வரைக்கும் ஓடியது. நல்ல கதை. அதற்குள் மேடம் பன்னிரண்டாம் பாத்திக்கே வந்து குனிந்துவிட்டார். இலையைத் திருப்பினார், காம்பைப் பார்த்தார், பூவைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து நீளமாக ஒரு பேர் சொன்னார், அது திரவியத்தின் காதில் நிற்கவில்லை, கோமதி கோடு இருந்த இடத்துக்கு என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு மேடம் பலகையைப் படித்தார். "செல்லக்கனிப் பூண்டு. இந்தப் பேரை நான் எங்கேயும் கேட்டதில்லையே. யார் சொன்னது?" "நம்ம அண்ணாச்சிதான் மேடம்" என்றாள் கோமதி. எல்லா முகமும் திரும்பியது. "ஐயா, உங்க ஊர்ல இப்படித்தான் சொல்வாங்களா?" குதிரை வாய்வாசல்வரை வந்து நின்றது. திரவியம் வாயைத் திறந்தார்.

"அது என் வீட்டுக்காரி பேரு" என்றார்.

முதலில் சிரித்தது மைதீன். "இன்னைக்குச் சரக்கு புதுசால்லா இருக்கு." கோமதிக்கும் சிரிப்பு. "மேடம், இவிய எப்பவும் இப்படித்தான். யானைக் காதுல லேபிள் ஒட்டுனவிய." காலனிக்காரர்கள் சிரித்தார்கள், யானைக் கதையைக் கேட்டிருந்தவர்கள் கேட்காதவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். "நெசமாத்தான் சொல்லுதேன்" என்றார் திரவியம், அதற்கு இன்னும் பெரிதாகச் சிரிப்பு எழுந்தது, எல்லாக் கதைக்கும் அவர் அப்படித்தான் தொடங்குவார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண்ணெல்லாம் ஆசையாக, தோள்பையிலிருந்து வேறொரு நோட்டை எடுத்துக்கொண்டு நின்றார். "சொல்லுங்க ஐயா, இந்த மாதிரி பேர்க் கதையைத்தான் நான் ஊர் ஊராத் தேடிக்கிட்டிருக்கேன். ஒரு ஊர்ல ஒரு கணவன், அப்புறம்?" ஒரு ஊரில் இல்லை, ரயில்வே காலனியில் என்றார் திரவியம். அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்றார். பிள்ளை இல்லை என்றார். ஒரு பந்தியில் அவளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்றார். பொய் சொல்லும்போது அருவி மாதிரி வருகிற வார்த்தை இப்போது கிணற்றுக்குள்ளிருந்து ஒவ்வொரு வாளியாக வந்தது. காலில் புண், சர்க்கரை, ஆஸ்பத்திரி, பதினோரு நாள், நான் டீ குடிக்கக் கீழே போயிருந்தேன். மேடம் எழுதிக்கொண்டே இருந்தார், இரண்டு பக்கம் தாண்டியது. "பேரு இருக்கட்டும் கோமதி, கீழே 'செவிவழிக் கதை'ன்னு போட்டு இதைச் சுருக்கி எழுதிருங்க. அற்புதமா இருக்கு. முடிவு என்ன ஐயா? அந்தம்மாதான் செடியா முளைச்சாங்களா?"

"இல்ல. செத்துப்போனா. அவ்வளவுதான்."

"என்ன அண்ணாச்சி, இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து சப்புன்னு முடிச்சிட்டிய" என்றாள் கோமதி. "பலகையில எழுதப் போறோம், படிக்கவங்களுக்கு ஒரு மாதிரி ஆயிரும்லா. முடிவைக் கொஞ்சம் மாத்திச் சொல்லுங்களேன், உங்களுக்கென்ன, ஊதித் தள்ளிருவிய." ஊதித் தள்ளிவிடலாம்தான். அவள் முளைத்ததாகச் சொல்லலாம், அவர் டீயோடு மேலே வந்தபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்ததாகச் சொல்லலாம், இரண்டும் நாக்கு நுனியில் சீட்டு ஒட்டி ஏற்றத் தயாராக நின்றன, இரண்டுக்கும் எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். கோமதி பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மாத்த முடியாதும்மா" என்றார் திரவியம்.

கோமதி அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னும் ஏதோ கேட்கப் போகிற மாதிரி இருந்தாள். அதற்குள் மேடம் பதின்மூன்றாம் பாத்தியில் குனிந்து கூப்பிட்டுவிட்டார். எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள்.

இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கு யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். ஆள் பேர் தெரிந்தால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.